கார் இல்லாதவகிட்ட காரை விட்டுட்டு வரச் சொல்றாங்க

போன திங்கக்கிழமை ஆபீஸ்லேருந்து ஒரு மெயில். மேல பச்சைப் பட்டை, நடுவுல ஒரு இலை, இலைக்குள்ள ஒரு சைக்கிள். ‘அன்புள்ள பசுமைப் போராளியே’ன்னு இங்கிலீஷ்ல ஆரம்பிச்சிருந்தாங்க. வாரத்துல ஒரு நாள் காரை வீட்டுல விட்டுட்டு வர்றேன்னு உறுதிமொழி எடுக்கணுமாம்.

நல்ல விஷயம்தானேன்னு உள்ள போனேன். பேர், எம்ப்ளாயி நம்பர், டீம் எல்லாம் போட்டாச்சு. நாலாவது கட்டத்துல வண்டி நம்பர் கேக்குது. பக்கத்துல சிவப்பு நட்சத்திரம். காலியா விட்டா ஃபார்ம் நகர மாட்டேங்குது.

எங்கிட்ட வண்டி இல்லைங்க. காரும் இல்ல, ஸ்கூட்டியும் இல்ல. ஒன்பது வருஷமா பெரம்பூர்லேருந்து துரைப்பாக்கத்துக்கு ரயில்லயும் பஸ்லயும்தான் வந்துட்டு இருக்கேன். எந்தப் போஸ்டரைப் பார்த்தும் ஆரம்பிச்சதில்ல. வேற வழி இல்லாம ஆரம்பிச்சது, பழகிடுச்சு. அப்படிப்பட்டவ உறுதிமொழி எடுக்கணும்னா மொதல்ல ஒரு கார் வாங்கணும் போல!

இதுக்கு முன்னாடி ஒரு சர்வே வந்துச்சு, அதையும் சொல்லிடறேன். ‘நீங்கள் அலுவலகத்துக்கு எதில் வருகிறீர்கள்?’ ஒரே ஒரு பதிலைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நான் எதைன்னு போடறது? வீட்டுலேருந்து பெரம்பூர் ஸ்டேஷனுக்கு நடை. அங்கேருந்து மூர் மார்க்கெட்டுக்கு லோக்கல். சப்வேயில இறங்கி ஏறி பார்க் டவுன். பறக்கும் ரயில்ல திருவான்மியூர். வெளிய வந்தா டைடல் பார்க் சிக்னல். அங்கேருந்து பஸ்ஸு. இறங்கினதும் மறுபடி நடை. ‘மற்றவை’ன்னு போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு பதில்: ‘உங்கள் விடை முழுமையாக இல்லை, தயவுசெய்து மீண்டும் நிரப்பவும்.’ ஆறு கட்டமா வர்றவ முழுமையா இல்ல. வீட்டு வாசல்ல கார்ல உக்காந்து ஆபீஸ் பேஸ்மென்ட்ல இறங்கறவன் முழுமை.

இந்த சர்வே எதுக்குன்னு எனக்குத் தெரியாம இல்ல. சந்தை மதிப்புல முதல் 1000 இடத்துல இருக்கற லிஸ்டட் கம்பெனிங்க 2022-23லேருந்து சுற்றுச்சூழல் கணக்கெல்லாம் சேர்த்து ஒரு அறிக்கை குடுக்கணும்னு பங்குச் சந்தையைக் கண்காணிக்கற செபி சொல்லியிருக்கு. ஐரோப்பிய கிளையன்ட்டுங்க வேற தனியா கேக்கறாங்க. கரிக்கணக்குல ஸ்கோப் 3ன்னு ஒண்ணு உண்டு, கம்பெனி நேரடியா விடாத, ஆனா அதோட வேலையால மத்த இடத்துல வர்ற புகைக்கான கணக்கு, மொத்தம் 15 தலைப்பு. அதுல ஆறாவது வேலை நிமித்தமான பயணம், ஏழாவது ஊழியர்கள் வீட்டுக்கும் ஆபீசுக்கும் வந்து போறது. அதாவது நான் புட்போர்டுல தொங்கறது இவங்க எக்செல்ல ஒரு கட்டம். கணக்கு எடுக்கட்டும், வேண்டாங்கல. கணக்கு எடுக்கறவங்க கூடவே ஒரு ரூபா செலவும் பண்ணணுமா இல்லையா? அதுதான் என் கேள்வி.

2020 மார்ச் வரைக்கும் எங்க கம்பெனிக்கு பஸ் இருந்துச்சு. ஆவடியிலேருந்து ஒண்ணு, தாம்பரத்துலேருந்து ஒண்ணு, பெரம்பூர் வழியா ஒண்ணு. காலையில ஆறே முக்காலுக்கு வரும். டிரைவர் அண்ணன் ஒரு நிமிஷம் கூடுதலா நிப்பார், நான் ஓடி வர்றதைப் பார்த்தா ரெண்டு நிமிஷம். நாப்பது பேரு ஒரே வண்டியில. இதைவிடப் பசுமையா என்ன கிழிச்சிட முடியும்? கொரோனாவுல நின்னது நின்னதுதான். அப்புறம் வாரத்துல ரெண்டு நாள் வாங்கன்னாங்க, மூணு நாள்னாங்க, இப்ப நாலு நாள். பேட்ஜ் தேய்க்கலைன்னா மேனேஜருக்கு மெயில் போகுது. எங்களைத் திரும்பக் கூப்பிட்டாங்க, பஸ்ஸைக் கூப்பிட மறந்துட்டாங்க. கேட்டா ‘அதுக்கு இப்ப பட்ஜெட் இல்ல’.

ஆனா பேஸ்மென்ட்டுக்கு பட்ஜெட் இருக்கு. பி1, பி2ன்னு ரெண்டு தளம். ஒரு கார் நிக்கற இடம் ரெண்டரை மீட்டருக்கு அஞ்சு மீட்டர், கிட்டத்தட்ட 135 சதுர அடி. வண்டி திரும்பற வழி தனி. என் டேபிளையும் நாற்காலியையும் ஒரு நாள் டேப் வச்சு அளந்தேன் (ஆமாம், அளந்தேன், கடுப்புல இருந்தேன்), 20 சதுர அடி வந்துச்சு. நாள் பூரா வேலை செய்யற எனக்கு 20, சும்மா நிக்கற காருக்கு 135. ஓ.எம்.ஆர்ல வாடகை என்ன விலைன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த 135 அடிக்கு காரோட ஓனர் தர்றது ஒரு பைசா இல்ல. ஏறி வர இடம், நிறுத்த இடம், மழை படாத கூரை, ஸ்டிக்கர் எல்லாமே இலவசம். இதை இலவசம்னு யாரும் சொல்றதில்ல, ‘வசதி’ன்னு சொல்றாங்க.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? மாசம் ஆயிரம் ரூபா. எம்.டி.சி. பஸ் பாஸ் காசு. அதை ரீஇம்பர்ஸ் பண்ண முடியுமான்னு எச்.ஆர்ல கேட்டேன். அந்தப் பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு, சிரிச்சுக்கிட்டே சொல்லுது: "உங்களுக்குத்தான் பஸ் ஃப்ரீயாச்சே மேடம்!"

அடப்பாவிங்களா. 2021 மே மாசத்துலேருந்து பொம்பளைங்களுக்கு சாதாக் கட்டண பஸ்ல டிக்கெட் கிடையாது, உண்மை. அது அரசாங்கம் குடுக்கறது. அதுல உங்க பங்கு என்ன? அதோட அந்த பிங்க் கலர் இலவச பஸ் வரணும், வந்தா நிக்கணும், நின்னா ஏற இடம் இருக்கணும். ஒன்பதரைக்கு ஸ்டேண்ட்-அப் மீட்டிங் வச்சிருக்கவ டீலக்ஸ் வந்தா டீலக்ஸ்லதான் ஏறுவா. மழை நாள்ல ஏ.சி. பஸ்ஸுல கூட ஏறுவா. நான் அதையெல்லாம் சொன்னேன். "பாலிசியில அந்த காம்போனென்ட் இல்ல மேடம்"னு முடிச்சிட்டா.

இல்லையாம். சம்பளத்துல பெட்ரோல் காம்போனென்ட் இருக்கு. டிரைவர் சம்பளம் காம்போனென்ட் இருக்கு. கார் லீஸ் காம்போனென்ட் இருக்கு. கிரேடு ஏற ஏற கார் பெருசாகும், வரியும் மிச்சமாகும். எங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னு இருந்தது மாசம் 1,600 ரூபா போக்குவரத்துப் படி, வரி கிடையாது. 2018 பட்ஜெட்ல ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்னு ஒண்ணைக் குடுத்து அதை அதுக்குள்ள கரைச்சிட்டாங்க. கார்ல வந்தாலும் அதே கழிவு, நடந்து வந்தாலும் அதே கழிவு. பிரான்ஸ்ல சட்டமே இருக்கு, ஊழியரோட பஸ், ரயில் பாஸ் காசுல பாதியை முதலாளி குடுத்தே ஆகணும். இங்கிலாந்துல நாட்டிங்காம் ஊர்ல 2012லேருந்து, பதினொண்ணு பார்க்கிங் இடமோ அதுக்கு மேலயோ வச்சிருக்கற கம்பெனி வருஷா வருஷம் காசு கட்டணும், அந்தக் காசு டிராமுக்குப் போகுது. எங்க கம்பெனிக்கு அந்த ரெண்டு நாட்டுலயும் கிளையன்ட் உண்டு. அங்கேருந்து ஸ்லைடு டெம்ப்ளேட் மட்டும் வந்து சேர்ந்திருக்கு.

வேலை விஷயமா வெளியூர் போறது இன்னும் அழகு. பெங்களூர்ல ஒரு நாள் மீட்டிங். சென்ட்ரல்லேருந்து பெங்களூர் 360 கிலோமீட்டர் சொச்சம். விடியக்காலை வந்தே பாரத்ல ஏறினா நாலரை மணி நேரத்துல ஊருக்கு நடுவுல இறக்கி விட்டுடும். சென்ட்ரல் எனக்கு லோக்கல்ல போற தூரம். பிளைட்டுன்னா பெரம்பூர்லேருந்து ஊரைக் குறுக்கால கடந்து மீனம்பாக்கம், ரெண்டு மணி நேரம் முன்னாடி, செக்யூரிட்டி, ஒரு மணி நேரம் பறத்தல், அந்தப் பக்கம் தேவனஹள்ளியிலேருந்து ஊருக்குள்ள வர்றதுக்குள்ள மதியச் சாப்பாடு வந்துடும். டிராவல் போர்ட்டலைத் திறந்தா பிளைட்டு மட்டும்தான் தெரியுது. அமுக்கினா ஒரே நிமிஷத்துல அப்ரூவ். ரயில்ல போறேன்னா தனி ஃபார்ம், மேனேஜர் கையெழுத்து, அவருக்கு மேல ஒருத்தர், காரணம் எழுத ஒரு பெட்டி. ‘விருப்பமற்ற பயண முறை’ன்னு அதுக்குப் பேரு வச்சிருக்காங்க. அந்தப் பெட்டியில ‘உங்க பசுமை மெயில்தான் காரணம்’னு எழுதினேன். கமெண்ட்டோட திரும்பி வந்துச்சு: ‘தெளிவான காரணம் தரவும்.’ கடைசியில என் காசுல போயிட்டு வந்தேன். ஆறு வாரமாச்சு, பில் இன்னும் நிலுவையில கிடக்கு.

இதுக்கு நடுவுல நாங்க அனுபவிச்சதை யாராவது கேட்டாங்களா? 2023 ஆகஸ்ட்ல, நாலாவது பாதை போடறோம்னு பறக்கும் ரயிலை பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவுல நிறுத்திட்டாங்க. ஏழு மாசம்னாங்க, பதினாலு மாசம் ஆச்சு. அந்தப் பதினாலு மாசமும் சென்ட்ரல்ல இறங்கி, வெயில்லயும் மழையிலயும் சிந்தாதிரிப்பேட்டைக்கு நடந்து வண்டி பிடிச்சவங்கள்ல நானும் ஒருத்தி. லேட்டு பேட்ஜுக்கு விளக்கம் கேட்டு எத்தனை மெயில் வந்துச்சுன்னு எண்ணல. அதுக்கு நடுவுல வந்த ஜூன் அஞ்சாம் தேதிதான், சுற்றுச்சூழல் தினம்னு லாபியில செடி குடுத்தாங்க.

மெட்ரோ வந்தா எல்லாம் சரியாயிடும்பாங்க. வரட்டும், நானும் காத்துட்டுதான் இருக்கேன். மாதவரத்துலேருந்து சிறுசேரி சிப்காட் வரைக்கும் 45 கிலோமீட்டருக்கு மேல, பெரம்பூர் வழியா, துரைப்பாக்கம் வழியா. என் வீட்டையும் ஆபீசையும் வச்சு கோடு போட்ட மாதிரி இருக்கு. ரெண்டாம் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டினது 2020 நவம்பர். அதுலேருந்து இதுவரைக்கும் அந்தத் தூண் வேலைக்காக என் பஸ் ஸ்டாப்பு மூணு தடவை இடம் மாறியிருக்கு. எங்க மாறிச்சுன்னு சொல்ல போர்டு கிடையாது. காலையில யாரு எங்க கும்பலா நிக்கறாங்களோ அதான் ஸ்டாப்பு.

இதெல்லாம் அரசாங்கத்து வேலை, கம்பெனி என்ன பண்ணும்னு ஒரு கார்க்கார நண்பர் கேன்டீன்ல கேட்டார். நியாயமான கேள்வி. அவரைக் கையோட கூட்டிட்டுப் போய் மெயின் கேட்டைக் காட்டினேன். கார் உள்ள வர ஒரு வழி, வெளிய போக ஒரு வழி. டூவீலருக்குப் பின்பக்கம் சுத்தி ஒரு கேட். நடந்து வர்றவங்களுக்கு வழியே இல்ல! தடுப்புக் கம்பிக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒண்ணரை அடி சந்து இருக்கு, லேப்டாப் பையை முன்னாடி தூக்கிக்கிட்டு அதுல பக்கவாட்டுல நுழையணும். கார் வந்தா செக்யூரிட்டி அண்ணன் விசிலடிப்பார், நாம சுவத்தோட ஒட்டிக்கணும். மழைக்காலத்துல அந்த இடத்துலதான் தண்ணி நிக்கும், அதுல கார் ஏறினா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா? மாசமா இருந்தப்ப என் டீம்ல ஒரு பொண்ணு அந்தச் சந்துல நுழைய முடியாம கம்பிக்கு முன்னாடி நின்னா. அண்ணன்தான் பாவம், ஒவ்வொரு நாளும் ஒரு காருக்குத் தூக்கற மாதிரி அவளுக்குக் கம்பியைத் தூக்கி விட்டார். நடந்து வர ஒரு சின்ன கேட் வைங்கன்னு மூணு தடவை ஆலோசனைப் பெட்டியில போட்டாச்சு. ‘அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கப்படும்.’ இதுக்கு எந்த அரசாங்கம் வரணும்?

சரி, வயித்தெரிச்சலோட உச்சத்துக்கு வர்றேன். போன வருஷப் பசுமைப் போராளி விருது. எங்க தளத்துலேயே ஒருத்தருக்குக் கிடைச்சுது. வாரத்துல அஞ்சு நாள் கார்ல வந்தவர் நாலு நாளாக் குறைச்சுட்டாராம். சான்றிதழ், ஸ்டீல் பாட்டில், கைத்தட்டல். நல்ல மனுஷர்தான், அவர் மேல எனக்குக் கோவம் இல்ல. நானும்தானே தகுதியானவன்னு அந்தக் குழுவுல ஒருத்தர்கிட்ட கேட்டேன். அவர் ரொம்ப பொறுமையா விளக்கினார்: "உங்க கணக்குல குறைப்பு எதுவும் காட்ட முடியாதுங்க. ஆரம்பத்துலேருந்தே கம்மியா இருக்கே."

அதாவது ஒன்பது வருஷமா கெடுக்காதவ கணக்குலயே வரல. கெடுத்து, அதுல கொஞ்சம் குறைச்சாத்தான் மெடல். நாளைக்கே லோன் போட்டு ஒரு எஸ்.யு.வி. வாங்கி, ஆறு மாசம் ஓட்டிட்டு, வித்துட்டு மறுபடி பஸ்ஸுல ஏறினா நான்தான் அடுத்த வருஷப் போராளி. கூடவே பாட்டிலும்.

சரி, அந்த உறுதிமொழி ஃபார்ம் என்ன ஆச்சு? புதன்கிழமை ஞாபகமூட்டல் வந்துச்சு. வியாழக்கிழமை மேனேஜருக்கும் நகல் போட்டு இன்னொண்ணு: ‘உங்கள் டீமில் ஒருவர் மட்டும் நிலுவை.’ அவர் என் டேபிள்கிட்ட வந்து, "ஏதாவது ஒரு நம்பரைப் போட்டு முடிச்சு விடும்மா"ன்னு சொல்லிட்டுப் போனார்.

அன்னிக்கு சாயங்காலம் ஸ்டாப்புல நின்னேன். பஸ் வந்துச்சு, முன்னாடி கண்ணாடிக்குக் கீழ நம்பர் பிளேட்டு. டி.என். 01ல ஆரம்பிக்குது. ஏறி, ஒரு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, அந்த நம்பரையே ஃபார்ம்ல போட்டு அனுப்பிட்டேன். பச்சை டிக்கு வந்துச்சு.

இன்னிக்குக் காலையில பார்க்கிங் டெஸ்க்லேருந்து மெயில் வந்திருக்கு. என் வாகனத்துக்கு பி2ல இடம் ஒதுக்கிட்டாங்களாம், தூணுக்குப் பக்கத்துல. ஸ்டிக்கரை நாலு மணிக்குள்ள வாங்கிக்கணுமாம்.