"வெளியில வந்தா மட்டும் அப்பா திட்ட மாட்டாங்க"

போன வாரம் மரங்களுக்கு நடுவே நடக்கப் போனபோது என் ஏழு வயதுப் பையன் அவன் அக்காவிடம் சொன்னது இது. நான் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தேன், காதில் விழாது என்று நினைத்திருப்பான். முதலில் சுருக்கென்றிருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், பையன் சொன்னது சரிதான்.

மறுநாள் வீட்டில் நான் பிள்ளைகளிடம் என்னவெல்லாம் பேசுகிறேன் என்று கவனித்தேன். எழுந்திரு. பல் விளக்கு. சீக்கிரம் சாப்பிடு. போனைக் கீழே வை. விளக்கை அணை. அத்தனையும் ஏவல்! கேள்வி என்று பார்த்தால் "ஹோம்வொர்க் முடிச்சாச்சா?" ஒன்றுதான், அதுவும் கேள்விக்குறி போட்ட ஏவல். இதே ஆள் மரங்களுக்கு நடுவே போனால் மட்டும் எப்படி மாறிப்போகிறான்? அங்கே தண்ணீரைக் கொட்டினால் துடைக்கத் தரை இல்லை. பந்து பட்டால் உடையக் கண்ணாடி இல்லை. ஏவுவதற்கு வேலையே இல்லாமல் போய்விடுகிறது. மனசாந்தி, பிரபஞ்சம் என்றெல்லாம் போவதற்கு முன்னால் இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லிவிடலாம்.

இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஸ்டீபன் கப்லான், ரேச்சல் கப்லான் என்ற உளவியலாளர் தம்பதி 1980களில் ஒரு விளக்கம் சொன்னார்கள். கணக்குப் பார்ப்பது, வண்டி ஓட்டுவது, மெயிலுக்குப் பதில் எழுதுவது எல்லாவற்றுக்கும் நாம் கவனத்தைப் பிடித்து இழுத்து ஓரிடத்தில் நிறுத்துகிறோம். அப்படி நிறுத்தி நிறுத்தி அது களைத்துப்போகிறது. களைத்தவன் எளிதில் எரிந்து விழுவான். அசையும் இலை, ஓடும் தண்ணீர், நகரும் மேகம் இவை நம் கவனத்தை எந்த முயற்சியும் கேட்காமல் தாமாகவே எடுத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் களைத்த கவனம் ஓய்வெடுத்துக்கொள்கிறது. மாலை ஏழு மணிக்கு, சிந்திய பால் தம்ளருக்காக நான் போடும் கூச்சலுக்கும் அந்தப் பாலுக்கும் சம்பந்தமே இல்லை என்று இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

பிள்ளைகளை வெளியே அனுப்புவதை நாம் டானிக் கொடுப்பது மாதிரி நினைக்கிறோம். "போய் விளையாடு" என்று விரட்டிவிட்டு, நாம் பெஞ்சில் போனோடு உட்கார்ந்துவிடுகிறோம். என் கட்சி வேறு. அந்த டானிக்கில் பாதி நமக்கானது. கூடவே போக வேண்டும், போய்ச் சும்மா இருக்க வேண்டும். இந்த இரண்டாவதுதான் கஷ்டம்.

அன்றைக்குப் பாதையோரத்தில் ஓர் எறும்புச் சாரை. பையன் குந்தி உட்கார்ந்துவிட்டான். வழக்கமாக "வா, நேரமாச்சு" என்றிருப்பேன். எதற்கு நேரமாச்சு என்று எனக்கே தெரியாததால் நானும் குந்தினேன். ஐந்தாறு எறும்புகள் செத்த பூச்சியின் இறக்கை ஒன்றை இழுத்துக்கொண்டு போயின. காற்று அடித்தபோதெல்லாம் இறக்கை பாய்மரம் மாதிரி நிமிர்ந்து, பிடித்திருந்த எறும்புகளையும் சேர்த்துப் புரட்டியது. விடவில்லை. பதிமூன்று வயது மகள் வந்து, சாரையின் குறுக்கே விரலை அழுத்தித் தேய்த்தாள். வந்துகொண்டிருந்த எறும்புகள் அந்த இடத்தில் தடுமாறி நின்றன. உணர்கொம்பை ஆட்டிக்கொண்டு வலமும் இடமும் அலைந்தன. முன்னே போகும் எறும்பு தரையில் விட்டுப்போகும் வாசனைத் தடத்தைப் பிடித்துத்தான் பின்னால் வருபவை வருமாம், அதை அவள் அழித்துவிட்டாளாம். எனக்கு இது தெரியாது. சற்று நேரத்தில் துணிந்த எறும்பு ஒன்று தேய்த்த இடத்தைக் கடந்தது, அப்புறம் இரண்டு, அப்புறம் பழையபடி சாரை. அந்தக் கால் மணி நேரத்தில் எங்களில் யாரும் யாருக்கும் எதையும் செய்யச் சொல்லவில்லை.

மகளைப் பற்றியும் ஒன்று. வீட்டில் முகம் பார்த்து "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்பாள், கதவு சாத்தும் சத்தம் கேட்கும். அன்று திரும்பும் வழியில், கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தபடியே, இரண்டு வாரமாகத் தோழி தன்னோடு பேசுவதில்லை என்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை. இருவர் கண்ணும் பாதையில். அந்த நேரம் பார்த்து ஒரு சறுக்கலான சரிவு வந்ததால் என்னால் உடனே அறிவுரை சொல்ல முடியவில்லை. அந்தச் சரிவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாய்மாரையும் பத்து, பன்னிரண்டு வயது மகள்களையும் சோடி சோடியாக ஒருமுறை மரத்தோட்டத்திலும் இன்னொருமுறை ஷாப்பிங் மாலிலும் இருபது இருபது நிமிடம் நடக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மரத்தோட்டத்தில் நடந்த பிறகுதான் மகள்களோடு ஒட்டுதல் கூடியிருந்தது. 2017இல் வெளியான சின்ன ஆய்வுதான். ஆனால் எனக்கு நம்பக் கஷ்டமாக இல்லை. மாலில் பத்தடிக்கு ஒருமுறை "வேண்டும்", "வேண்டாம்" என்று பஞ்சாயத்து.

மகளின் கண்ணாடி என்றதும் ஞாபகம் வருகிறது. எட்டு வயதில் கிட்டப்பார்வை என்று எழுதிக்கொடுத்தபோது, டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததால்தான் என்று அவளைத் திட்டித் தீர்த்தேன். அவளை வெளியே கூட்டிப்போகாத என்னைத் திட்டியிருக்க வேண்டும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நல்ல விளக்கு போட்ட அறையில் அது 300 முதல் 500 லக்ஸ்தான் இருக்கும். பகலில் திறந்தவெளியில் அது சாதாரணமாகப் பத்தாயிரத்தைத் தாண்டும், மரநிழலில்கூட அறையைவிடப் பல மடங்கு. அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, அதுதான் வளரும் கண் அளவுக்கு மீறி நீண்டு கிட்டப்பார்வை வந்துவிடாமல் தடுக்கிறது என்பது ஆய்வாளர்கள் பலரும் சொல்லும் விளக்கம். சீனாவின் குவாங்சோ நகரில் சில பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டு முடிவில் அவர்களில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது சுமார் 30 சதவீதம் பேருக்கு. வழக்கம்போல் விடப்பட்ட பள்ளிகளில் அது கிட்டத்தட்ட 40. தைவானில் 2010இலிருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்கவைக்க ஒரு திட்டமே நடக்கிறது. ஏற்கெனவே வந்துவிட்ட கண்ணாடியை இது கழற்றாது. பையனுக்கு இன்னும் வரவில்லை, அதனால் சொல்கிறேன்.

120 என்ற எண் இன்னோர் இடத்திலும் வரும். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் கேட்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே மூச்சில் இருந்தாலும் சரி, பிரித்துப் பிரித்து இருந்தாலும் சரி. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தானே வெளியே போவார்கள் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்பது அருகில் இருக்கும் நாலு மரத்தடியிலேயே முடிந்துவிடும். ஒருமுறை நான் இதைப் பெரிய திட்டமாக்கி, ஏழு மணி நேரம் கார் ஓட்டி ஒரு காட்டு விடுதிக்குக் கூட்டிப்போனேன். பையன் வழியெல்லாம் வாந்தி. போய் இறங்கியதும் "எல்லாரும் இங்கே நில்லுங்க, சிரிங்க, அசையாதீங்க" என்று போட்டோ எடுத்தேன். காட்டுக்கே போனாலும் ஏவலை மூட்டை கட்டிக்கொண்டு போக முடியும்.

நேற்று வாஷிங் மெஷினுக்குள் டொக் டொக்கென்று சத்தம். நிறுத்திப் பார்த்தால் பையனின் கால்சட்டைப் பையில் ஏழு கூழாங்கற்கள். டிரம் என்னத்துக்கு ஆகும் என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவன் ஓடிவந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இது ஓடையில் எடுத்தது, இது எறும்புக்குப் பக்கத்தில், இது அக்கா சறுக்கிய இடத்தில் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். ஏழாவது எங்கே கிடைத்தது என்று அவனுக்கு ஞாபகம் இல்லை. மகள் ஓர் இடம் சொல்கிறாள், நான் வேறு இடம் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவாகியிருக்கிறது.