பத்துக் காசு கோப்பியும் ராவுத்தர் கடைப் புத்தகமும்

எங்கள் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் மாதம் ஒரு முறையாவது அந்தப் பட்டியல் வந்துவிடும். கறுப்பு வெள்ளையில் பினாங்கு ரோடு, தலைக்கு மேல் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு டிராலி பஸ் (1961 வரை ஓடியது), கீழே மஞ்சள் எழுத்தில் 1957ஆம் ஆண்டின் விலைகள். கோப்பி 10 காசு. சினிமா 50 காசு. அரிசி ஒரு கட்டி (அந்தக் கால எடை அளவு) 36 காசு. கடைசியில் ‘அது பொற்காலம்’ என்று கைகூப்பும் பொம்மை. போன வாரம் பெரியப்பா மகன் அனுப்பினார். ஆறு பேர் ‘ஆமாண்ணே’ போட்டார்கள், ஒருவர் அழுதார்.

வழக்கமாக நான் பேசாமல் இருந்துவிடுவேன். இந்த முறை முடியவில்லை. மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங்கில் இருந்த எங்கள் வீட்டை விற்பதற்காகச் சாமான்களை ஒழித்தபோது, ஒரு கோங் குவான் பிஸ்கட் டின்னுக்குள் தாத்தாவின் கடைப் புத்தகம் கிடைத்திருந்தது. உள்ளங்கை அளவுதான். பிற்காலத்தில் 555 புத்தகம் என்று நாடு முழுக்க மளிகைக் கடைகளில் புழங்கியதே, ஏறக்குறைய அந்த சைஸ். 1956 அக்டோபரில் தொடங்கி 1957 ஜூன் வரை. தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. எழுதியவர் கடைக்கார ராவுத்தர். நீல மசி, சாய்ந்த கையெழுத்து.

புலனக் குழுவில் வரும் விலைகள் பொய் இல்லை. புத்தகத்திலும் அரிசி 36 காசுதான். ‘அரிசி 2 கட்டி 72, பால் டின் 1 – 55, மண்ணெண்ணெய், உப்பு, பீடி.’ விலை சரி. அதன் பக்கத்தில் எழுத வேண்டிய இன்னொரு எண்ணைத்தான் அந்தப் பட்டியல்காரர்கள் எழுதுவதே இல்லை. கூலி.

தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும், தொங்கான் படகில் சரக்கு வெல்ட் கீ கரைக்கு வரும், அங்கிருந்து தோளில். ரப்பர் பேல், ஈயக்கட்டி, அரிசி மூட்டை. நாள் கூலி 3 வெள்ளி (மலாயா டாலர், ஒரு வெள்ளிக்கு நூறு காசு) என்று அப்பா சொல்லியிருக்கிறார். எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 37 காசு சொச்சம். அதாவது ஒரு கட்டி அரிசிக்கு ஒரு மணி நேரம் மூட்டை சுமக்க வேண்டும். வீட்டில் ஏழு வாய். ஒரு நாளைக்கு இரண்டு கட்டியாவது வேண்டும்.

இன்றைக்கு வருவோம். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). 26 நாள், எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 8 வெள்ளிக்குச் சற்று மேல். உள்ளூர் அரிசி 10 கிலோ 26 வெள்ளி, கட்டுப்பாட்டு விலை. ஒரு கட்டி என்பது 600 கிராம் சொச்சம், ஆக 1 வெள்ளி 57 காசு. 12 நிமிட வேலை. (அந்த 26 வெள்ளி அரிசி கடையில் கிடைத்தால். கிடைக்காத நாளில் இறக்குமதி அரிசி வாங்கினாலும் 20 நிமிடத்தைத் தாண்டாது.) பால் டின்னுக்குத் தாத்தா கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் உழைத்தார். எனக்கு அரை மணி. தாத்தாவின் காலம் எந்த விதத்தில் மலிவு என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

ஆனால் கணக்கு முழுக்க என் பக்கமும் இல்லை. கோப்பி அன்று 10 காசு, 16 நிமிடம். இன்று எங்கள் வட்டாரக் கோப்பிக்கடையில் 2 வெள்ளி, அதுவும் 15 நிமிடம். எழுபது வருஷம் கழித்தும் ஒரு கோப்பி ஒரு கோப்பிதான். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. சினிமாவில் நான் தோற்கிறேன். மூன்றாம் வகுப்பு பெஞ்சு 50 காசு, அதாவது ஒரு மணி இருபது நிமிடம். இன்று மால் தியேட்டரில் 18 வெள்ளிக்குக் குறைவாக டிக்கெட் எங்கே? இரண்டு மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும், சோளப்பொரி தனி. ஆக, அண்ணன் சொன்னதில் சினிமா மட்டும் உண்மை.

அப்படித்தான் நினைத்தேன், டிசம்பர் பக்கத்தைத் திருப்பும் வரை.

‘கைமாத்து 1.00’ என்று ஒரு வரி. பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘படம்’. தாத்தாவும் பாட்டியும் பார்க்க ஆளுக்கு 50 காசு, மடியில் உட்காரும் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. மளிகைக் கடையில் கடன் வாங்கிப் படம் பார்த்திருக்கிறார்கள். ஒன்பது மாதப் புத்தகத்தில் அப்படி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

சினிமா என்றால் அன்று அவ்வளவு பெரிய காரியம். லாரியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு நோட்டீஸ் வீசிப் போவார்களாம். பெஞ்சில் மூட்டைப்பூச்சி. கையில் காசு மிஞ்சினால் பாட்டுப் புத்தகம், அதை வைத்துக்கொண்டு அடுத்த படம் வரும் வரை வீட்டில் பாடலாம். சினிமா இல்லாத நாளுக்கு இலவசமாக என்ன இருந்ததோ அதுதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில், வெள்ளி ரதம், தண்ணீர்ப் பந்தலில் மோர். மல்யுத்த வீரர்கள் கிங் காங்கும் தாரா சிங்கும் மோதிய கதையை, போய்ப் பார்த்தவர் வந்து நடித்துக் காட்டுவார். பார்க்காதவர்கள் இன்னும் பெரிதாக நடித்துக் காட்டுவார்கள். எங்கள் அப்பா இரண்டாவது வகை.

செய்தியும் அப்படி ஒருவர் வழியாக ஒன்பது பேருக்குப் போனதுதான். முடிதிருத்தும் கடையில் தமிழ் நேசன் கிடக்கும். கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய ஏடு. சிங்கப்பூரிலிருந்து தமிழ் முரசு, அது 1935இல் வந்தது. வாசிக்கத் தெரிந்தவர் உரக்க வாசிப்பார், தாத்தா மாதிரி ஆட்கள் முடி வெட்ட வேண்டிய அவசியமில்லாத நாளிலும் போய் உட்கார்ந்திருப்பார்கள். விகடனும் கல்கியும் ராஜுலா கப்பலில் வந்து இறங்க வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் கப்பலுக்கு மலாயாவில் முதல் துறைமுகம் பினாங்கு என்பதால், தொடர்கதையில் அடுத்து என்ன ஆனது என்பது கோலாலம்பூர்க்காரர்களுக்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிடும். அந்தக் கர்வம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, மறுக்கவில்லை.

ரப்பர் விலையை மட்டும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். 1949இல் சராசரியாக ஒரு ராத்தல் 40 காசைத் தொடாமல் கிடந்த ரப்பர், கொரியா சண்டையால் 1951 தொடக்கத்தில் 2 வெள்ளியைத் தாண்டியது. அந்த வருஷத்தைப் பொற்காலம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். “அப்பத்தான்யா ஒரு பொருளும் வாங்க முடியல” என்றார். ரப்பரைப் பார்த்து மற்ற விலையெல்லாம் ஏறின, கூலி பின்னாலேயே மூச்சு வாங்க ஓடியது. ரப்பர் விலை ஏறியதால் பேலின் எடை குறைந்துவிடவில்லையே. போர் முடிந்தும் பல வருஷம் அரிசி ரேஷனில் வந்த ஊர் இது. 1948 ஜூனில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கி 1960 ஜூலையில்தான் முடிந்தது. இதெல்லாம் மஞ்சள் எழுத்தில் வராது.

புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் 1957 ஜனவரி. முதல் தேதி பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்கு மாநகர அந்தஸ்து கிடைத்தது, மலாயாவின் முதல் மாநகரம். அன்றைக்கு ‘ஆரஞ்சு போத்தல் 2’ என்று எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் ஆரஞ்சு! அடுத்த நாள் ஊர்வலத்தில் கலவரம் மூண்டு ஊரடங்கு போட்டார்கள். புத்தகத்தில் நான்கு நாளுக்கு ஒரு வரியும் இல்லை. கப்பலும் இல்லை, கடையும் இல்லை, கூலியும் இல்லை. ஐந்தாவது நாள் ஒரேயடியாக ‘அரிசி 5 கட்டி’. அந்த நான்கு நாள் ஏழு பேரும் என்ன சாப்பிட்டார்கள் என்று அப்பா உயிரோடு இருந்தபோது கேட்டிருக்கலாம். புத்தகம் அப்போது கிடைக்கவில்லை.

‘ஆனால் அன்று கடன் கொடுக்க ஆள் இருந்தார், இன்று யார் கொடுப்பார்’ என்று சிலர் எழுதுவார்கள் என்று தெரியும். உண்மைதான். ராவுத்தர் வட்டி போட்டதில்லை. ஆனால் பாக்கி இருக்கும் வரை வேறு கடைக்குப் போக முடியாது. பக்கத்துச் சந்தில் அரிசி இரண்டு காசு குறைவு என்றாலும் முடியாது. அதுவும் ஒரு வட்டிதான் என்பது என் எண்ணம். ராவுத்தரைக் குறை சொல்லவில்லை. ஊரடங்கு முடிந்ததும் ஐந்து கட்டி அரிசியைக் காசு வாங்காமல் அளந்து கொடுத்தவர் அவர்.

இன்னொன்று. விலை மலிவு மலிவு என்கிறோம், அந்தப் பணமே எத்தனை தடவை செத்தது? பாட்டி பிறந்தது பிறை என்ற ஊர்ப் பக்கத் தோட்டத்தில். ஜப்பான்காரன் காலத்து வாழைமரப் படம் போட்ட நோட்டை அவருடைய அப்பா தலையணை உறைக்குள் சேர்த்து வைத்திருந்தாராம். 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், அந்த நோட்டு செல்லாது என்றார்கள். பிள்ளைகள் அதை வைத்துக் கடை விளையாட்டு விளையாடினார்கள். பாட்டியும்தான்.

அந்தப் பாடத்துக்குப் பிறகும் பாட்டி சேர்த்தார். அத்தை கல்யாணத்துக்காக, மிளகாய்த் தூள் டின்னுக்கு அடியில், மகாராணி படம் போட்ட பழைய நோட்டாக 140 வெள்ளி. 1967 ஜூனில் புது நோட்டு வந்தது. பழையதும் செல்லும் என்பதால் மாற்றவில்லை. நவம்பரில் லண்டனில் பவுண்டின் மதிப்பைக் குறைத்தார்கள். புது வெள்ளி அப்படியே நின்றது, பவுண்டோடு கட்டிய பழைய வெள்ளி 85 காசானது. பினாங்கில் அந்த மாதம் 24ஆம் தேதி கடையடைப்பு, அப்புறம் கலவரம், மறுபடி ஊரடங்கு. மிளகாய் டின்னில் இருந்த 140 வெள்ளி, தொடாமலே 119 ஆகிவிட்டது. போனது 21 வெள்ளி. தாத்தாவின் பழைய கணக்கில் ஏழு நாள் மூட்டை.

அதற்குப் பிறகு பாட்டி கையில் காசு தங்கியதில்லை, பித்தளையாக வாங்கினார். ஜெலுத்தோங் வீட்டில் இருந்த ஆறு குடத்துக்கும் இரண்டு அண்டாவுக்கும் அதுதான் காரணம். ‘பாட்டிக்குப் பித்தளைப் பைத்தியம்’ என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம்.

இதையெல்லாம் குழுவில் எழுதலாம் என்று அந்த டிசம்பர் பக்கத்தைப் படம் பிடித்து முதலில் அத்தைக்கு அனுப்பினேன். கல்யாணமாகி ஈப்போ போனவர், இப்போது எழுபத்தேழு வயது. உடனே அழைத்தார். “அது என்ன படம் அத்தை, ஞாபகம் இருக்கா?” என்றேன்.

“படம் ஞாபகம் இல்ல தம்பி. மறுநாள் காலைல உப்பு வாங்கப் போனேன், எட்டு வயசு எனக்கு. கடை நிறைய ஆளு. ‘என்ன பாப்பா, படம் நல்லா இருந்துச்சா’ன்னு கேட்டாரு. அவரு சும்மாதான் கேட்டாரு. ஆனா எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “உப்ப வாங்காமலே வந்துட்டேன்” என்றார்.