நுட்சன் போர்முனையில் சண்டையிட்ட ஜெனரலா?

கோலாலம்பூர் புலனக் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் பலருக்கும் வந்திருக்கும். "ஜெனரல் மோட்டார்ஸின் நிறுவனர் வில்லியம் நுட்சன், சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து, போர்முனையில் சண்டையிட்டு ஜெனரல் ஆனார்" என்கிறது அது. இது தவறு.

நுட்சன் அந்த அமெரிக்க கார் நிறுவனத்தைத் தொடங்கவில்லை. 1908இல் தொடங்கியவர் வில்லியம் துரான்ட். 1879இல் கோபன்ஹேகனில் பிறந்த நுட்சன், ஃபோர்டில் வேலை பார்த்து, அப்புறம் ஜெனரல் மோட்டார்ஸின் கார் பிரிவான செவ்ரோலேயை வளர்த்து, 1937இல் அந்த நிறுவனத்துக்கே தலைவரானார். 1940இல், இரண்டாம் உலகப் போர் சமயத்தில், ஆயுத உற்பத்தியைக் கவனிக்க அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அழைத்ததும் அந்தப் பதவியை விட்டார். அரசுப் பணிக்கு அவர் வாங்கிய சம்பளம் ஆண்டுக்கு ஒரு டாலர்.

அவர் செய்த வேலையே வேறு. கார் கம்பெனியான கிரைஸ்லரிடம் டாங்கி செய்ய முடியுமா என்று கேட்டார். அதன் பொறியாளர்கள் அமெரிக்க ராணுவத்தின் ராக் ஐலண்ட் படைக்கலச் சாலைக்குப் போய் டாங்கியைப் பார்த்து, வரைபடங்களை வாங்கி வந்து, முழு அளவில் மரத்தால் ஒரு மாதிரியைச் செய்து பார்த்தார்கள். 1941 ஏப்ரலில் முதல் டாங்கி தயார். துப்பாக்கி தூக்காமலே செய்த இந்தச் சாதனைக்குப் பொய்க்கதை எதற்கு?

சரி, ஜெனரல் பட்டம்? அது உண்மைதான். 1942 ஜனவரியில் நேரடியாக லெப்டினன்ட் ஜெனரல் ஆக்கப்பட்டார். சிப்பாயாகத் தொடங்கவில்லை, எந்தப் படையையும் போருக்கு நடத்தவில்லை. போர்த் துறையில் உற்பத்தி இயக்குநராக ஆலை ஆலையாகச் சுற்றி, எங்கே வேலை தேங்குகிறது என்று பார்த்துச் சரிசெய்தார். 1945இல் ராணுவத்தை விட்டு விலகினார்.