ஒரே சிமிழ், இரண்டு சிவப்பு

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்; மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறை சிதையும் நோய்) உள்ளவர்கள் சென்னையில் வைத்த ஓவியக் கண்காட்சி பற்றிய கட்டுரையில், "நடுங்கும் கையோடு வரைகிறார்கள்" என்பதையே மூன்று இடத்தில் எழுதிவிட்டீர்கள். கைநடுக்கம் எல்லோருக்கும் வருவதில்லை. என் அக்காவுக்கு முதலில் போனது நிறம். பார்வை நரம்பு வீங்கி, இடது கண்ணில் சிவப்பு வெளுத்துச் செங்கல் பொடி மாதிரி தெரிந்தது. ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடி, குங்குமச் சிமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தச் சிமிழை இரண்டு தடவை வரைந்தாள், கண்ணுக்கு ஒன்றாக. வீட்டில் எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

அமெரிக்காவின் எலிசபெத் ஜேமிசன், இதே நோயோடு, தன் மூளையின் எம்ஆர்ஐ படங்களையே வண்ணச் சித்திரங்களாக்கியவர். அவரைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அமைப்பாளர்களுக்கு ஒன்று: உலக எம்எஸ் தினம் மே 30 என்பதற்காக அந்த வெயிலில் அரங்கு பிடிக்காதீர்கள். உடம்பு சூடேறினால், மயலின் என்ற அந்த மேலுறை சிதைந்த நரம்பில் சமிக்ஞை தடுமாறும்; பார்வை மங்கும், கால் பின்னும். (அக்கா கழுத்தில் ஈரத் துண்டு போட்டுக்கொண்டுதான் தூரிகையையே தொடுவாள்.) மார்கழியில் வையுங்கள். படங்களுக்கு நடுவே நாலு நாற்காலி, பக்கத்திலேயே கழிப்பறை இருக்கட்டும். இரண்டு சிமிழையும் எடுத்துக்கொண்டு வருகிறோம்.