பிங் போகுதாமுங்க!

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி சர்வர், ஃப்ரீபிஎஸ்டிங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்துல ஓடுது. பிங், அதான் அந்தப் பக்கம் பதில் வருதான்னு பாக்கற குட்டி பாக்கெட், ஜோரா போகுது, டிசைன் ஃபைலை அனுப்புனா நவுர மாட்டேங்குது. "கேபிள் கோளாறுங்களா தம்பி?"ன்னு மேனேஜர் கேட்டுட்டே நிக்கறாரு. கேபிள் என்னங்க பாவம் பண்ணுச்சு?

முன்னால இருந்த எந்தப் புண்ணியவானோ ஆர்சி.கான்ஃப்ங்கற செட்டிங் ஃபைல்ல 100 எம்பி வேகம், ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்துல அனுப்பறதும் வாங்கறதும்)னு கையால எழுதி வெச்சுட்டுப் போயிட்டான். ஸ்விட்ச் ஆட்டோவுல, அதாவது எதிர்ப்பக்கத்தோட பேசி முடிவு பண்ற செட்டிங்ல, கெடக்குது. எதிர்ப்பக்கம் பேச்சுவார்த்தைக்கே வரலைன்னா அது வேகத்தை மட்டும் மோப்பம் புடிச்சுட்டு, டூப்ளெக்ஸை ஹாஃப்னு (ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும்) வெச்சுக்கும். சர்வர் பாட்டுக்கு அனுப்பிட்டே இருக்கும், ஸ்விட்ச் மோதிருச்சுன்னு பாக்கெட்டைத் தூக்கிப் போடும். ரெண்டு பக்கமும் லைட்டு மட்டும் பச்சையா எரியும். அதைப் பார்த்தாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது!

அப்பறம் இந்தப் பேருங்க. ஃப்ரீபிஎஸ்டில டிரைவர் பேருதான் நெட்வொர்க் கார்டுக்கும்: பழைய இன்டெல் கார்டுன்னா இஎம்0, ரியல்டெக்னா ஆர்இ0. வேற டிரைவர் கார்டா மாத்துனா எழுதுன வரி பூராம் வீண். பக்கத்து லினக்ஸ் பொட்டியில கார்டுக்கு எத்0ங்கற பழைய பேரு போயி ஈஎன்பி3எஸ்0ன்னு என்னமோ நிக்குது. அங்க எத்டூல்ங்கற கமாண்டுல கார்டு செட்டிங் எதை மாத்துனாலும் ரீபூட்டுக்கு அப்பறம் காணோம். தனியா எங்கியாச்சும் எழுதி வெச்சாத்தான் உண்டு. கரண்டு போனா ரீபூட்டுதானுங்க. யூபிஎஸ் பேட்டரிக்கு மேனேஜர் இன்னும் கையெழுத்தே போடலீங்க.