மோட்டார்வே ஓரத்துப் பழைய பலகைகளுக்காக ஒரு சிபாரிசு

இங்கிலாந்தில் கிராமத்து முச்சந்தியில் நிற்கும் கறுப்பு வெள்ளைக் கைகாட்டி மரத்துக்குக் கிடைக்கும் மரியாதையில் கால்வாசிகூட மோட்டார்வே (அதிவேக நெடுஞ்சாலை) ஓரத்து நீலப் பலகைக்குக் கிடைப்பதில்லை. ரொம்ப நாளாக மனதில் இருக்கும் ஆதங்கம் இது, இன்று எழுதித் தீர்த்துவிடுகிறேன். டார்செட்டிலும் கார்ன்வாலிலும் போய்ப் பாருங்கள், ஊர்க்காரர்களே பணம் போட்டு, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, உடைந்துபோன கையை மறுபடி செய்து மாட்டி வைத்திருக்கிறார்கள். 2005-இல் போக்குவரத்துத் துறையும், பழைய சின்னங்களைப் பாதுகாக்கும் அமைப்பான இங்கிலீஷ் ஹெரிடேஜும் சேர்ந்து, பழைய கைகாட்டிகளைப் பிடுங்காதீர்கள், பராமரித்து வையுங்கள் என்று வழிகாட்டுக் குறிப்பே வெளியிட்டன. நல்ல விஷயம், எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் எழுபதுகளில் நட்ட மோட்டார்வே பலகை ஒன்று இன்னும் அதே இடத்தில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தால் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒரு ராத்திரி லேனை மூடி, கிரேன் வைத்துத் தூக்கிவிடுவார்கள். காலையில் புதுசு நிற்கும். தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகிறவருக்குக்கூட மாறியது தெரியாது.

தெரியாததற்குக் காரணம், பழசும் புதுசும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதுதான். அதே நீலம், அதே வெள்ளை எழுத்து, அதே பாணியில் சாலைப் படம். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் மாற்றத் தேவையே வராத அளவுக்கு நன்றாகச் செய்துவிட்டார்கள். அதனாலேயே இதில் பழசு என்று ஒன்று இருக்க முடியும் என்பதே யாருக்கும் உறைப்பதில்லை. மோசமாகச் செய்திருந்தால் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மாறியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசிகர் கூட்டம் இருந்திருக்கும்.

சரி, கதைக்கு வருகிறேன். பிரிட்டனின் முதல் மோட்டார்வே, பிரஸ்டன் பைபாஸ், 1958 டிசம்பர் 5-ஆம் தேதி பிரதமர் மேக்மில்லன் கையால் திறக்கப்பட்டது. எட்டு மைல் சொச்சம்தான், இன்று அதன் பெரும்பகுதி எம்6 என்ற மோட்டார்வேக்குள் அடக்கம். (திறந்து 46 நாளில் உறைபனியில் தளம் கெட்டுப்போய் மூட வேண்டியதாயிற்று. எல்லா நாட்டிலும் கான்ட்ராக்ட் வேலை ஒரே லட்சணம்தான் போலிருக்கிறது என்று நம் ஆட்கள் கொஞ்சம் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.) அதுவரை இங்கிருந்த சாலைப் பலகைகள் முப்பதுகளில் வகுத்த விதிப்படி செய்தவை. எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து (கேபிடல்), அடைசலான வரிகள், நாற்பது மைல் வேகத்தில் போகிறவன் படிப்பதற்கானவை. மோட்டார்வேயில் அப்போது வேகக் கட்டுப்பாடே கிடையாது. நூறு மைல் வேகத்தில் வருகிறவன் கண்ணில் பட்டு, மனதில் பதிந்து, லேன் மாறுவதற்கும் நேரம் இருக்க வேண்டும் என்றால் பலகையை அடியிலிருந்து யோசித்தாக வேண்டும்.

அதற்காக 1957-இல் சர் காலின் ஆண்டர்சன் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அவர் கப்பல் கம்பெனிக்காரர். தன் கப்பல்களுக்கு லக்கேஜ் லேபிள் வடிவமைத்துக் கொடுத்த ஜாக் கின்னியரைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்தார். கேட்விக் விமான நிலையத்தின் பலகைகளும் கின்னியர் செய்தவைதான். அவர் துணைக்குச் சேர்த்துக்கொண்டது தன் பழைய மாணவி, தென்னாப்பிரிக்காவில் பிறந்த மார்கரெட் கால்வெர்ட்டை. அப்போது அவருக்கு இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான். மாதிரிப் பலகைகளை ஒரு கார் பார்க்கிங்கின் அண்டர்கிரவுண்டிலும், லண்டன் ஹைட் பார்க்கில் மரத்தில் சாய்த்து வைத்தும், எந்தப் பின்னணியில் எந்த நிறம் தெரிகிறது, எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க முடிகிறது என்று இருவரும் நடந்து நடந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு தேசத்தின் சாலை முழுவதும் நிற்கப் போகிற எழுத்து, பூங்காவில் மரத்தடியில் சோதிக்கப்பட்டது என்பது எனக்கு இன்றும் நம்ப முடியாமல்தான் இருக்கிறது.

சண்டையும் நடந்தது. எல்லாமே பெரிய எழுத்தாக இருந்தால் சொல்லுக்கு உருவம் இருக்காது, முதல் எழுத்து மட்டும் பெரிதாக, மற்றவை சிறிதாக இருந்தால் சொல்லின் வடிவத்தைப் பார்த்தே தூரத்திலிருந்து அடையாளம் கண்டுகொள்ளலாம் என்பது கின்னியர் கட்சி. கேம்பிரிட்ஜில் கல்லில் எழுத்து வெட்டும் டேவிட் கிண்டர்ஸ்லி என்பவர், இவ்வளவு பெரிய பலகை எதற்கு, முனைகளில் சின்னக் கொம்பு வைத்த (செரிஃப்) பெரிய எழுத்திலேயே சின்னப் பலகையில் அடக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். ஆக்ஸ்போர்டுஷயரில் பென்சன் விமானத்தளத்தில் ஆட்களை வரிசையாக உட்கார வைத்து, பலகைகளைக் காரின் மேல் பொருத்தி அவர்களை நோக்கி ஓட்டிவந்து, யாருக்கு எது முதலில் தெரிகிறது என்று பரிசோதனை நடந்தது. கிண்டர்ஸ்லியின் எழுத்து நூலளவு முன்னால் வந்தது. ஆனாலும் கின்னியர் எழுத்தையே எடுத்துக்கொண்டார்கள், வித்தியாசம் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை, பார்க்க இதுதான் நன்றாக இருக்கிறது என்று. கிண்டர்ஸ்லிக்குக் கோபம் வராமல் இருக்குமா! நான் கின்னியர் பக்கம்தான், ஆனால் அன்றைய தேதியில் கிண்டர்ஸ்லிக்கு நியாயம் நடந்தது என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் 1961-இல் சர் வால்டர் வோர்பாய்ஸ் தலைமையில் இன்னொரு குழு, மற்ற சாலைகளுக்கெல்லாம். அதற்கும் இதே இருவர்தான். 1965 ஜனவரி 1 முதல் புதிய பலகைகள் அமலுக்கு வந்தன. இதற்கு முந்தியவற்றை இங்குள்ள சாலைப் பைத்தியங்கள் ப்ரீ-வோர்பாய்ஸ் என்பார்கள். அப்படி ஒன்று ஏதாவது சந்துக்குள் தப்பிப் பிழைத்து நின்றால் போதும், ஐம்பது மைல் ஓட்டிப்போய்ப் படம் எடுத்துவிட்டு வருவார்கள். அவர்களிடம்தான் எனக்கு முதல் வழக்கு. மோட்டார்வே பலகைக்கு நாள் கணக்குப் பார்த்தால் அது வோர்பாய்ஸுக்கும் மூத்தது. பழைய தோற்றத்தில் இல்லை என்பதற்காக அதைப் பழசில் சேர்க்காமல் விட்டால் எப்படி?

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்கு: ஓட்டுகிற ஆளாக இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் மனைவிதான் ஓட்டுவாள், அதனால் எனக்குப் பக்கத்து சீட்டில் இந்த ஆராய்ச்சிக்கு நேரம் இருக்கிறது. முதலில் ஜங்ஷன் எண்ணைப் பாருங்கள். தொடக்கத்தில் மோட்டார்வே ஜங்ஷன்களுக்கு எண்ணே கிடையாது, பிறகுதான் இடது கீழ் மூலையில் கறுப்புப் பெட்டிக்குள் வெள்ளை எண் வந்தது. அந்தப் பெட்டி பலகையோடு பிறந்ததா, பிறகு ஒட்டியதா என்பது கொஞ்சம் பழகினால் தெரிந்துவிடும். அடுத்து நிறம். வெயிலும் மழையும் பட்டுப் பட்டு நீலம் வெளுத்து, பால் கலந்த மாதிரி ஆகியிருக்கும், வடக்குப் பார்த்து நிற்கும் பலகையில் பச்சைப் பாசி ஏறியிருக்கும். இதெல்லாம் முதல் சந்தேகத்துக்கு மட்டும்தான், இருபது வருஷப் பலகையும் இப்படி ஆகும்.

எனக்குப் பிடித்தது ஒட்டுகள். ஊர் பேரோ சாலை எண்ணோ மாறும்போது முழுப் பலகையையும் மாற்றக் காசு இல்லாமல், மாறிய இடத்தில் மட்டும் புது நீலத்தில் ஒரு தகடு ஒட்டிவிடுவார்கள். பள்ளிக்கூட டிராயரில் போட்ட ஒட்டு மாதிரி அது மட்டும் பளிச்சென்று தெரியும். மோட்டார்வேயை விட்டு இறங்கும் ஒரு ஸ்லிப் ரோட்டு முனையில் டிராபிக்கில் நின்றபோது பக்கத்தில் ஒன்றை நிதானமாகப் பார்க்கக் கிடைத்தது. ஒட்டிய தகட்டின் மேல் விளிம்பு காற்றில் பிரிந்து, அடியில் பழைய எழுத்தின் வால் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. சுற்றிலும் பலகையின் குறுக்கே படுக்கைவாட்டில் கோடு கோடாக இணைப்புகள், அலுமினியப் பட்டைகளை அடுக்கிச் செய்த பலகை. எழுத்துகள் தனித்தனியாக வெட்டி ஒட்டியவை, அதில் ஒரு எழுத்து அரை விரல் அளவு இறங்கி நிற்கிறது. யாரோ ஒருவர் கையால் ஒட்டியிருக்கிறார், அளவுகோல் லேசாக நழுவியிருக்கிறது. பின்னாலிருந்து ஹார்ன் அடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம் (ஓட்டுகிறவளும்தான்).

மோட்டார்வேயை விட்டு இறங்கியதும் ரவுண்டபவுட்டில் இன்னொரு வகை கிடைக்கலாம். வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து, சுற்றிலும் நீலக் கரை. பக்கத்துச் சிற்றூர்களைக் காட்ட வோர்பாய்ஸ் காலத்தில் வந்தது, 1994 விதிகளில் எடுத்துவிட்டார்கள். ஆகவே நீலக் கரை போட்ட அந்த வெள்ளைப் பலகையைக் கண்டால் அநேகமாக அதற்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தேதி தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

தேட வேண்டிய இடம் என்றால், கவனிப்பாரற்ற மோட்டார்வேக்கள்தான். எம்45 இருக்கிறது பாருங்கள், எம்1 திறந்த அதே 1959 நவம்பர் 2-ஆம் தேதி திறந்தது. எம்1-இன் 17-ஆம் ஜங்ஷனில் பிரிந்து, ரக்பிக்குத் தெற்கே டன்சர்ச் பக்கம் ஏ45 என்ற சாதாரண நெடுஞ்சாலையில் போய்ச் சேரும், எட்டு மைல். அன்றைக்கு லண்டனிலிருந்து பர்மிங்காம் போகிற கூட்டமெல்லாம் இந்த வழியாகத்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் எம்6 வந்து எம்1-ஓடு சேர்ந்ததும் இதன் பிழைப்பு போய்விட்டது. இன்று மத்தியான நேரத்தில் போனால் முன்னும் பின்னும் வண்டி இல்லாமல் ஓட்டலாம். எம்5-இலிருந்து ராஸ்-ஆன்-வை பக்கம் போகும் எம்50-யும் இதே கதைதான், அறுபதுகளின் ஆரம்பத்தில் திறந்தது, இன்னும் இரண்டு லேன்தான். பெரிய ரோடுகளில் ஸ்மார்ட் மோட்டார்வே (மின்னணுப் பலகைகளால் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் சாலை) என்று சொல்லி எல்லாவற்றையும் பெயர்த்து மாற்றியதில் பழசு தப்ப வழியே இல்லை.

எண் மாறிய இடங்களும் நல்ல வேட்டைக்காடு. பழைய செவர்ன் பாலம் 1966-இல் எம்4 ஆகத்தான் திறந்தது, 1996-இல் இரண்டாவது பாலம் வந்தபோது எம்4 என்ற எண் அங்கே போய், இது எம்48 ஆனது. எம்10 பாவம், எம்1-ஓடு ஒரே நாளில் பிறந்தது, 2009-இல் ஏ414 ஆக்கிவிட்டார்கள். மோட்டார்வே இல்லை என்றால் நீலம் இருக்கக் கூடாது, பச்சை வர வேண்டும், ஆக அங்கே ஒட்டுப் போடுவதற்கும் வழியில்லை, மொத்தமாகப் போயிற்று.

இதோடு சேர்த்து ஒரு வட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளை வட்டம், குறுக்கே கறுப்புப் பட்டை. 1965 கடைசி வரை அதற்கு அர்த்தம், இனி வேகக் கட்டுப்பாடு இல்லை, உன் இஷ்டம். அந்த டிசம்பரில் தற்காலிகம் என்று சொல்லி 70 மைல் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள், 1967-இல் நிரந்தரமாக்கினார்கள். பலகையில் கை வைக்கவில்லை. அதே வட்டம், நேற்று வரை பறக்கலாம் என்று சொன்னது, மறுநாள் முதல் எழுபதைத் தாண்டாதே என்று சொல்லத் தொடங்கியது. ராத்திரியோடு ராத்திரியாகக் கட்சி மாறிய ஒரே சாலைப் பலகை இதுவாகத்தான் இருக்கும்!

எதிர்வாதம் எனக்குத் தெரியும். பழைய பலகையின் பிரதிபலிப்புத் தாள் மங்கிவிடும், ராத்திரியில் ஹெட்லைட் பட்டாலும் திருப்பித் தராது, மழையில் படிக்க முடியாமல் ஒருவன் கடைசி நொடியில் லேன் மாறினால் உயிர் போகும். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். படிக்க முடியாத பலகைக்கு வயதைக் காட்டிச் சலுகை கேட்பது முட்டாள்தனம். நான் கேட்பது வேறு. இன்னும் நன்றாகப் படிக்க முடிகிற, வண்டியே அதிகம் போகாத எம்45 மாதிரி இடத்தில் நிற்கிற ஒன்றிரண்டை, பக்கத்துப் பலகை மாறுகிறது என்பதற்காகச் சேர்த்து மாற்றாமல் விட்டு வையுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எடுப்பதற்கு முன் நேராக நின்று ஒரு படம், பின்பக்கம் ஒரு படம் (தயாரித்தவர் அடையாளம் அங்கேதான் இருக்கும்), எந்த ஆண்டு நட்டது என்று ஒரு வரி. அவ்வளவுதான். நான் ஒரு தடவை, காணாமல் போன ஒரு பலகையைப் பற்றிச் சம்பந்தப்பட்ட ஆபீஸுக்கு எழுதிக் கேட்டேன். பழைய பொருட்களை ஒப்பந்ததாரர் அப்புறப்படுத்திவிடுவார் என்று ஒரு வரி பதில் வந்தது. பழைய அலுமினியம், எடைக்குப் போயிருக்கும்.

2020-இல் லண்டன் டிசைன் மியூசியத்தில் மார்கரெட் கால்வெர்ட்டின் வேலைகளுக்குக் கண்காட்சி வைத்துக் கொண்டாடினார்கள். பிரிட்டிஷ் அரசு இணையதளத்தின் எழுத்துருகூட இவர்களுடைய சாலை எழுத்தைப் புதுப்பித்துச் செய்ததுதான். வடிவத்துக்கு இவ்வளவு கௌரவம் கொடுக்கிறவர்கள், அந்த வடிவத்தில் முதலில் செய்து நட்ட பொருளை எடைக்குப் போடுவது எனக்குப் புரியவில்லை.

தேட ஆசை வந்தவர்கள் ஹார்டு ஷோல்டரில் (அவசரத்துக்கு ஒதுங்கும் ஓர லேன்) வண்டியை நிறுத்திப் படம் எடுக்க நினைக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. கூகுள் ஸ்ட்ரீட் வியூ போதும். 2009 முதல் இங்கே இருக்கிறது, பழைய வருஷங்களுக்குப் பின்னால் நகர்த்திப் பார்க்கலாம், எந்த வருஷத்துக்குப் பிறகு பலகை காணாமல் போனது என்பதுகூடத் தெரிந்துவிடும். அதற்கும் முந்தியதுதான் கிடைப்பதில்லை. எழுபது எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்த நம் குடும்பங்களின் ஆல்பங்களில், காருக்கு வெளியே நின்று சித்தப்பாவோ மாமாவோ எடுத்துக்கொண்ட படத்துக்குப் பின்னால் நீலமாக ஏதாவது தெரிந்தால், ஆளை வெட்டிவிட்டாலும் பரவாயில்லை, பலகையை மட்டும் கமெண்டில் போடுங்கள். எந்த ரோடு என்று நினைவு இருந்தால் அதையும் எழுதுங்கள்.