மிதித்தவர்களுக்குச் சப்பரம் இல்லை

சின்ன வயதில் ஓரியூருக்குப் போனபோது, அம்மா கைக்குட்டையில் ஒரு பிடி செம்மண் முடிந்துகொண்டு வந்தார். 1693-ல் அருளானந்தர் என்ற பாதிரியாரின் தலையை வெட்டிய இடத்து மண். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அதில் ஒரு துளி நெற்றிக்கு வரும். ஞாயிறு மறைக்கல்வியிலும் இப்படிப்பட்டவர்களின் கதைகள்தான். அருளானந்தர், தேவசகாயம் பிள்ளை. உயிரை விட்டார்கள், விசுவாசத்தை விடவில்லை. 'பயந்துபோய் விட்டவங்க யாருமே இல்லையா டீச்சர்?' என்று எனக்குக் கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. நான் பயந்தாங்கொள்ளி என்பது வகுப்புக்கே தெரிந்துவிடுமே.

அந்தக் கேள்விக்குப் பதில், வளர்ந்த பிறகு ஒரு ஜப்பானிய நாவலில் கிடைத்தது. ஷூசாகு எண்டோ 1966-ல் எழுதிய 'சைலன்ஸ்'. 2016-ல் மார்ட்டின் ஸ்கார்செசி அதைப் படமாக எடுத்தார். (கதை முழுக்கச் சொல்லப் போகிறேன். படிக்காதவர்கள் மன்னிக்கவும்.)

1542-ல் எங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்து தமிழில் செபம் சொல்லிக்கொடுத்த அதே சவேரியார்தான் 1549-ல் ஜப்பானின் ககோஷிமாவில் போய் இறங்கினார். சில பத்தாண்டுகளில் அங்கே லட்சக்கணக்கானோர் மதம் மாறினார்கள். அப்புறம் காற்று திரும்பியது. 1597-ல் நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் ஏற்றிக் கொன்றார்கள். 1614-ல் ஜப்பானை ஆண்ட தோகுகாவா ஆட்சி கிறிஸ்தவத்துக்கு நாடு முழுக்கத் தடை போட்டது. வெறும் மதவெறுப்பு என்று இதைச் சொல்லிவிட முடியாது. பாதிரியாருக்குப் பின்னால் ஸ்பெயினும் போர்த்துகலும் படையோடு வரும் என்ற பயம் இருந்தது. பிலிப்பைன்ஸ் ஸ்பெயின் கைக்குப் போனதை அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது விவசாயிகளும் மீனவர்களும்.

ஃபுமியே என்று ஒன்றை வைத்தார்கள். இயேசு அல்லது மாதாவின் உருவம் பதித்த பலகை. கிறிஸ்தவர் இல்லை என்று காட்ட, நாகசாகியில் ஆண்டுதோறும் குடும்பத்தோடு வந்து அதை மிதிக்க வேண்டும். மிதித்தால் வீட்டுக்குப் போகலாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது நடந்தது. அப்படி ஒரு பலகையை எண்டோ நாகசாகியில் பார்த்தார். கால் விரல்கள் பட்டுப் பட்டு மரச்சட்டம் கறுத்திருந்தது. அவருக்கு அந்தக் கால்களின் மேல்தான் கண் போயிற்று.

எனக்கு இதில் இருப்பது ஒரே ஒரு விஷயம். செத்தவர்களைத் திருச்சபை எழுதி வைத்தது. விசாரணையை அரசு எழுதி வைத்தது. மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய், சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவனை யார் எழுதுவது? அவனுக்குச் சப்பரம் தூக்க யாரும் வரமாட்டார்கள். ஒரு நாவலாசிரியன்தான் வர வேண்டும். எண்டோவின் கிச்சிஜிரோ அப்படிப்பட்டவன். மிதிப்பான், காட்டிக்கொடுப்பான், அழுதுகொண்டே பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து நிற்பான். மறுபடி மிதிப்பான். எரிச்சல் வரும் பாத்திரம். நான் அந்தக் காலத்தில் அங்கே இருந்திருந்தால் அவனாகத்தான் இருந்திருப்பேன்.

நாவலின் நாயகன், போர்த்துகீசியப் பாதிரியார் ரொட்ரிகஸ், சிறையில் இருக்கும் இரவு ஒன்று வருகிறது. வெளியே யாரோ குறட்டை விடும் சத்தம். காவலாளி தூங்குகிறான் என்று நினைத்து அவருக்குச் சிரிப்பே வந்துவிடுகிறது. அது குறட்டை இல்லை என்று பிறகு சொல்கிறார்கள். குழிக்குள் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் விவசாயிகளின் முனகல். அவர்கள் ஏற்கெனவே விசுவாசத்தை மறுதலித்துவிட்டவர்கள். ஆனாலும் பாதிரியார் மிதிக்கும்வரை அவர்களை இறக்கமாட்டார்கள். தன் உயிரைக் கொடுக்கத் தயாராக வந்தவரிடம் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்கிறார்கள்.

படத்தில் இந்தக் காட்சியை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். தினமும் செபமாலை சொல்லாமல் படுக்காதவர். ரொட்ரிகஸ் பலகை முன்னால் நின்று தயங்கும்போது டிவியைப் பார்த்துச் சொன்னார்: "மிதிச்சிருங்க சாமி. பாவம் அந்த சனங்க."

படத்தில் எனக்கு ஒரே குறை. கடைசியில் ரொட்ரிகஸின் பிணத்தின் கைக்குள் ஒரு சின்னச் சிலுவையைக் காட்டுகிறார் ஸ்கார்செசி. நாவலில் அது கிடையாது. அங்கே மிச்சம் இருப்பது ஓர் அதிகாரியின் வறண்ட நாட்குறிப்பு மட்டும். எண்டோ நம்மைச் சந்தேகத்தோடு அனுப்பிவைக்கிறார். ஸ்கார்செசிக்கு மனசு கேட்கவில்லை போல.

நாவல் வந்தபோது ஜப்பானியக் கத்தோலிக்கர்களிடமே கடும் எதிர்ப்பு. மிதித்ததை நியாயப்படுத்துகிறார் என்றார்கள். சரி, வரலாறு என்ன சொல்கிறது? 1865-ல் நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஓரா மாதா கோயிலுக்குள், பக்கத்து ஊரான உரகாமியிலிருந்து ஒரு சிறு கூட்டம் வந்தது. உங்கள் நெஞ்சில் இருப்பதுதான் எங்கள் நெஞ்சிலும் என்று பிரெஞ்சுப் பாதிரியாரிடம் மெதுவாகச் சொல்லி, மாதா சிலை எங்கே என்று கேட்டார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் குருவானவரே இல்லாமல் விசுவாசத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். எப்படி முடிந்தது? மிதித்துவிட்டு, வீட்டுக்குப் போய் பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாப மந்திரம் சொல்லி, பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்ததால்தான். மிதிக்காதவர்களின் வம்சம் குழியோடு போய்விட்டது. அதற்குப் பிறகும் உரகாமிக்காரர்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை அரசு ஊரைவிட்டுக் கிளப்பி, ஜப்பானின் வேறு பகுதிகளுக்குக் கடத்தியது. தடை விலகியது 1873-ல்.

இதோடு நிறுத்தினால் எனக்கு வசதி. என் மதத்துக்காரன் பட்ட பாடு, அவ்வளவுதான் என்று போய்விடலாம். ஆனால் கோவாவில் விசுவாசம் பிறழ்ந்தவர்களைத் தண்டிக்கும் விசாரணை மன்றம் (இன்குவிசிஷன்) வேண்டும் என்று 1546-ல் போர்த்துகல் அரசருக்குக் கடிதம் எழுதியவர் சவேரியார். அவர் இறந்து எட்டு ஆண்டு கழித்து 1560-ல் அது வந்தது. மதம் மாறிய பின்னும் பழைய சாமியை ரகசியமாகக் கும்பிட்டவர்களை அங்கே இழுத்து வந்து விசாரித்தார்கள். கோயில்கள் இடிந்தன. சிவனின் வடிவமான மங்கேஷி சாமியை எடுத்துக்கொண்டு சனங்கள் ஆற்றைக் கடந்து, அப்போது போர்த்துகீசியர் ஆட்சிக்கு வெளியே இருந்த போண்டா பக்கம் போனார்கள். அவர்களிலும் கிச்சிஜிரோக்கள் இருந்திருப்பார்கள்.

இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நம்ம சவேரியாரா?" என்று கேட்டார்.